உன் கட்டில் உடைந்த கதையும் என் கடை திறக்கும் கதையும்

என் கண்ணுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே "மா, மீட்டிங் இருக்குதும்மா, அப்புறம் கூப்புடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்துக்குக் குறுக்கே நீ பேச முடியாது அல்லவா! முதலில் விஷயத்தைப் போட்டு உடைத்துவிடுகிறேன். வீட்டைக் காலி செய்துவிட்டு பெங்களூருக்கு வந்து உங்களோடு இரு என்று சொன்னாயே, நான் வரவில்லை. கோபம் கிடையாது, வருத்தம் கிடையாது, யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லிவிடவும் இல்லை. நான் கடை போடப் போகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை திறப்பு. அட்டைப்பெட்டியில் பலகை பலகையாக வந்து, நாமே திருகிப் பூட்டிக்கொள்கிறோமே, அந்த மாதிரிக் கட்டில், துணி பீரோ, டிராயர் பெட்டி எல்லாவற்றுக்கும் உதிரிபாகம் கிடைக்கிற கடை. பைக்குக்கு உண்டு, மிக்சிக்கு உண்டு, தையல் மெஷினுக்குத் தெருவுக்குத் தெரு உண்டு. கட்டிலுக்கு மட்டும் ஏன் இல்லை? இதை நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை, எழுந்து எழுந்து நடக்கிறேன், கை பரபரவென்று இருக்கிறது. எழுத்து கோணல் மாணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். சிரிப்பதற்கு முன்னால் உனக்குத் தெரியாத ஒரு கதையைக் கேள். உன் கல்யாணத்துக்கு முன்னால் உன் கட்டில் உடைந்துவிட்டது. ஆமாம், நீங்கள் இருவரும் வந்து படுத்த அதே கட்டில்தான்.

அந்தக் கட்டிலை நீ வாங்கியது நினைவிருக்கிறதா? எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. ஒரு கட்டில், மூன்று கதவு வைத்த துணி பீரோ, தலைமாட்டில் வைக்க ஒரு குட்டி டேபிள் என்று ஆன்லைனில் போட்டாய். அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கியபோது இதற்குள் எங்கேடா கட்டில் இருக்கிறது என்று நான் தேடினேன். நீயும் உன் சிநேகிதனும் சட்டையைக் கழற்றிவிட்டு, எல் மாதிரி வளைந்த சாவியை வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திருகினீர்கள். கடைசியில் சில திருகாணிகள் மிச்சம் வந்தன. "எக்ஸ்ட்ரா குடுத்திருப்பாங்கம்மா" என்று சொல்லி அவற்றைப் பேனா டப்பாவில் போட்டாய். அவை எக்ஸ்ட்ரா இல்லை கண்ணு. கட்டிலுக்கு நடுவில் அடியில் ஒரு கால் நிற்கிறதே, அதைப் பிடிக்க வேண்டிய திருகாணிகள் அவை. அந்தக் கால் இத்தனை வருஷமும் சும்மா சாய்ந்துகொண்டு நின்றிருக்கிறது.

முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம், மத்தியானம் சோறு ஆனதும், பொங்கலூர் பெரியம்மாவும் அவளுடைய நாத்தனார்கள் இரண்டு பேரும் உன் ரூமில் கட்டில் மேல் உட்கார்ந்து சேலைகளைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டிருந்தேன். 'டமார்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்க்கிறேன், பெரியம்மா தொட்டிக்குள் விழுந்தவள் மாதிரி கட்டிலுக்குள் போய்விட்டாள். கால் இரண்டும் மேலே நிற்கிறது, மடியில் பட்டுச்சேலை. நாத்தனார்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தூக்கி நிறுத்தினோம், அடி ஒன்றும் படவில்லை. ஆனால் நின்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"கல்யாண ஊட்டுல கட்டில் ஒடயறது நல்லதில்ல புள்ள. இப்பவே ஆளை உட்டு வேற கட்டில் வாங்கிப்போடு. இல்லீன்னா சம்பந்தி ஊட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லு, தேக்குக் கட்டிலு சாயங்காலமே வந்து எறங்கும்" என்றாள்.

சம்பந்தி வீடு என்றதும்தான் எனக்குப் பயம் வந்தது. சகுனத்தை நான் பெரிதாக நினைக்கவில்லை. நிச்சயத்தன்று அத்தனை பேர் முன்னால் நீ எழுந்து, "கட்டில் பீரோ எதுவுமே வேண்டாமுங்க மாமா. என்ற ஊட்டுல இருக்கறது எங்க ரெண்டு பேருக்கும் போதுமுங்க" என்று சொன்னாய். நந்தினியின் அப்பா தேக்கில் கடைந்து சீர் கொடுக்க எவ்வளவு ஆசையாக இருந்தார்! உன் பேச்சைக் கேட்டுச் சிலர் மெச்சினார்கள், சிலர் "இதெல்லாம் பேச்சுக்குத்தான், பாக்கலாம்" என்று முணுமுணுத்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு நிமிர்ந்து போயிற்று. இப்போது கட்டில் உடைந்த செய்தி அவிநாசிக்கு, சம்பந்தி வீட்டுக்குப் போனால், அன்று சாயங்காலமே தேக்குக் கட்டில் லாரியில் வந்து நிற்கும். மறுக்க முடியாது. உன் சொல் போய்விடும். புதிதாக ஒன்று வாங்கலாம் என்றாலும், அட்டைப்பெட்டியில் வருவது கல்யாணத்துக்குப் பிறகுதான் வரும் என்றார்கள். கடையில் தயாராக இருப்பது எதுவும் உன் ரூமில் பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நுழையாது. அளந்து பார்த்துவிட்டேன்.

பனியன் கம்பெனியில் இத்தனை வருஷம் செக்கிங்கில் நின்றவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. பீஸில் எங்கே டேமேஜ் இருக்கிறதோ அங்கே அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம். பையில் ஒரு தாள் ஸ்டிக்கர் கிடந்தது. மெத்தையைத் தூக்கி நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே வந்தேன். நடுக்கால் வழுக்கி விழுந்ததால் பாரம் முழுக்க, மெத்தையைத் தாங்குகிற குறுக்குப் பட்டைகளான ரீப்பர்களின் மேல் வந்திருக்கிறது. ரீப்பர்களின் முனையை ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொப்பி பிடித்திருக்குமே, அவற்றில் பெரும்பாலானவை உடைந்திருந்தன. தலைமாட்டுப் பலகையில் சட்டத்தைப் பூட்டுகிற மினிஃபிக்ஸ் என்கிற வட்டப் பூட்டு, பலகையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அவ்வளவுதான்! மரம் ஒன்றும் முறியவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற சாமான்கள் போனதற்காகவா ஒரு கட்டிலையே தூக்கி எறிவது?

கட்டில் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். பாட்டு ஓடி, பாட்டு ஓடி, கடைசியில் ஒரு பெண் பேசினாள். அந்த மாடல் இப்போது வருவதில்லை மேடம், பார்ட்ஸ் தனியாகத் தருவதில்லை மேடம், புதுக் கட்டிலுக்கு ஆஃபர் இருக்கிறது மேடம். ஹார்டுவேர் கடைக்குப் போனேன். மினிஃபிக்ஸ் கிடைத்தது, திருகாணி கிடைத்தது. பிளாஸ்டிக் தொப்பியைக் காட்டினால் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கட்டிலோட வர்றதுங்க அக்கா, தனியா யாரும் விக்கறதில்லீங்க" என்று கொடுத்துவிட்டார். இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கியும் அதே பதில்தான். வெயிலில் நின்றுகொண்டு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது கண்ணு. அந்த நேரம் பார்த்து நந்தினி போன் பண்ணுகிறாள், ரவிக்கை அளவு சரியாக இருக்கிறதா என்று கேட்க.

"என்னங்க அத்தை, கொரலு ஒரு மாதிரி இருக்குதுங்க?"

மறைக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போச்சு, அப்பாவிடம் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். பார்த்தால் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்! "பெரியம்மா உள்ளாரயே போயிட்டாங்களாங்க?" என்று கேட்டுவிட்டு, "எங்கப்பாகிட்ட மூச்சு உட மாட்டேனுங்க அத்தை. ஒடயாத தொப்பி ஒண்ணு இருந்தா எடுத்துட்டு எங்க கம்பெனி பக்கத்துல இருக்கற பேக்கரிக்கு வாங்க. கல்யாணத்துக்கு முன்னால நான் உங்க ஊட்டுக்கு வரக் கூடாது, பேக்கரிக்கு வரலாமுங்கல்ல?" என்றாள்.

உன் பெண்டாட்டி கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவள் என்று எனக்குத் தெரியும். அது பனியனுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். தேங்காய் பன்னைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தத் தொப்பியை ஸ்கேலில் அளந்து, திருப்பி அளந்து, லேப்டாப்பில் கோடு கோடாக இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது திரையில் உருண்டு திரண்டு நிற்கிறது! "வரைஞ்சாச்சு, இதை யாரு கண்ணு செஞ்சு குடுப்பாங்க?" என்றேன். அவர்கள் கம்பெனிக்குக் குழந்தைத் துணி ஹேங்கர் செய்து கொடுக்கிற குமாரசாமி அண்ணன் என்று ஒருவர் முதலிபாளையத்தில் யூனிட் வைத்திருக்கிறார். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் காட்டுவதற்காக, கம்ப்யூட்டரில் வரைந்ததை அப்படியே பிளாஸ்டிக்கில் அடுக்கடுக்காக வார்த்துக் கொடுக்கிற சின்ன மெஷின் அவரிடம் இருக்கிறது. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, "ஏறுங்க அத்தை" என்று ஸ்கூட்டரை உதைத்தாள்.

கொஞ்சம் யோசித்துப் பார். கல்யாணத்துக்குச் சில நாள்தான் இருக்கிறது. மஞ்சள் பூசிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டிய பெண் ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். மாமியார் பின்னால் உட்கார்ந்து, உடைந்த கட்டில் சாமானை மடியில் வைத்துக்கொண்டு போகிறாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் முக்காடு போட்டுக்கொண்டேன். அவள் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். எனக்கும் சிரிப்பு. இந்தப் பெண் நம் வீட்டுக்கு வருவதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேன் என்று அந்த வண்டியில் போகும்போது நினைத்தேன். அதை அவளிடம் இதுவரை சொன்னதில்லை. நீ சொல்லிவிடாதே, நானே நேரில் சொல்கிறேன்.

குமாரசாமி அண்ணன் முதலில் நம்பவில்லை. "கட்டிலுக்கு ஹேங்கர்காரன்கிட்ட வந்திருக்கீங்களேம்மா" என்றார். ஆனால் மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. மூன்று பேரும் மூக்கு முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். முதல் தொப்பி வெளியே வந்தது. ரீப்பர் ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தேன். அதில் மாட்டி அழுத்தினேன். 'பட்' என்று பிளந்துவிட்டது. மூவர் முகமும் தொங்கிப்போயிற்று. நந்தினி மட்டும் அந்த விரிசலை நகத்தால் தடவிப் பார்த்து, "முக்குல மெல்லிசா இருக்குதுங்க, தடிமன் ஏத்திப் பாக்கலாமுங்க" என்று மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டாவது வந்தது. அழுத்தினேன். நின்றது. அண்ணன் அதன் மேல் ஏறியே நின்றார். அப்போதும் நின்றது! "அட, புடிச்சிக்கிச்சுங்க!" என்று அவர் கத்தியதில் அடுத்த ஷெட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். வேண்டியதை எல்லாம் போட்டு மறுநாள் காலையில் பையில் கொடுத்தார்.

பிய்ந்துபோன பலகைதான் பாக்கி. ஹார்டுவேர் கடைக்காரர் இனி அந்த ஓட்டையில் எதுவும் பிடிக்காது என்றிருந்தார். நந்தினி எங்கோ பார்த்து ஒரு வழி அனுப்பினாள். ஓட்டையைப் பெரிதாக்கிச் சுத்தம் செய்து, பசை தடவிய உருண்டை மரக்குச்சியை உள்ளே அறைந்து, காய்ந்த பிறகு மட்டமாக அறுத்து, அந்தப் புது மரத்தில் புதிதாகத் துளை போட வேண்டும். டிரில்லிங் மெஷினை குமாரசாமி அண்ணனிடம் இரவல் வாங்கினேன். அதைக் கையில் பிடித்தபோது முதல் முதலாக ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்த நாள் மாதிரி உடம்பு படபடத்தது. துளை போட்டு, மினிஃபிக்ஸை இறக்கி, திருப்பினேன். சட்டம் பலகையை இழுத்துக்கொண்டு போய் 'டக்' என்று ஒட்டி நின்றது பார், அந்தச் சத்தம் இருக்கிறதே கண்ணு! நடுக்காலுக்கும் திருகாணி போட்டேன். பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். "நா மாட்டேன் சாமி" என்றாள். நாத்தனார்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தாள். அசைந்தாள். எழுந்து தொப்பென்று மறுபடி உட்கார்ந்தாள். "ஏம்புள்ள, முன்னயவிட கெட்டியா இருக்குது!" என்றாள். கல்யாணத்துக்காக நீ ஊருக்கு வந்து இறங்கி, பையைத் தூக்கி அந்தக் கட்டில் மேல் வீசினபோது நாங்கள் நாலு பேரும் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "என்னாச்சு எல்லாருக்கும்?" என்று நீ கேட்டாய். ஒன்றும் ஆகவில்லை என்றோம்.

நீங்கள் பெங்களூர் போன பிறகு வீடு எப்படி இருந்தது என்று உனக்கு எழுத வேண்டாம். நீ சொன்னபடி நானும் கம்பெனி வேலையை விட்டிருந்தேன். கால் வீங்குவது நின்றது, அது நிஜம். ஆனால் காலையில் கம்பெனி வேன்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போகும்போது எனக்கு மட்டும் போக ஓர் இடமில்லை. இரண்டு வாரம் சுவரைப் பார்த்தேன். அதற்குள் பெரியம்மா தன் வேலையைக் காட்டிவிட்டாள். சொல்லக் கூடாத கதையை அவள் போகிற விசேஷ வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். கேட்டவர்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி, "எங்க ஊட்லயும் ஒண்ணு கெடக்குதுங்க" என்றார்களாம். பீரோக் கதவு தொங்குகிறது, டிராயர் உள்ளே போகாமல் நிற்கிறது, தட்டு சரிந்து துணியெல்லாம் விழுகிறது. நான் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். எல்லா வீட்டிலும் போவது அதே சில சாமான்கள்தான். கதவுக் கீல், டிராயர் ஓடுகிற சேனல், தட்டைத் தாங்குகிற சின்னப் பின், மினிஃபிக்ஸ், ரீப்பர் தொப்பி, கால் அடியில் வைக்கிற ரப்பர் புஷ். வீடு மாற்றும்போது கழற்றாமல் இழுத்துத் தள்ளுகிறார்கள், அதில்தான் பாதி போகிறது. நீயும் அடுத்த முறை வீடு மாறும்போது இழுக்காதே. கழற்று, திருகாணிகளை ஒரு கவரில் போட்டு அந்தந்தப் பலகையின் முதுகிலேயே டேப் போட்டு ஒட்டு. நானும் எல்லாம் சரியாகச் செய்துவிடவில்லை. ஒரு டீச்சர் வீட்டில் ஆர்வக்கோளாறில் பூட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்கி, நன்றாக இருந்த பலகையை நானே பிளந்துவிட்டேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார், நான் கூசிப்போனேன். பிடித்துக்கொண்டது என்று கை சொன்னதும் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு சுற்றும் கூடாது. அதைக் கற்றுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நீ போனில், "ஊருக்கெல்லாம் கட்டில் ரிப்பேர் பண்றீங்களாமா, எனக்கு ஒரு மாதிரியா இருக்குதும்மா. கெளம்பி இங்க வந்துருங்க" என்றாய். உன் மேல் தப்பில்லை. நானும் அப்போது முடிவு எதுவும் எடுத்திருக்கவில்லை. இது பொழுதுபோக்குத்தானே, கொஞ்ச நாளில் விட்டுவிட்டு உன்னிடமே வந்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மேல் வீட்டு மோகனாவால்தான் எல்லாம் மாறியது.

மோகனா தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். நீ போன பிறகு மாடிக்குக் குடி வந்தவள். பை தைக்கிற யூனிட்டில் அவளுக்கு டெய்லர் வேலை, புருஷன் துணிக்குச் சாயம் போடுகிற டையிங்கில். யாழினி என்று ஒரு பெண் குழந்தை, இப்போதுதான் ஓடவும் ஏறவும் கற்றுக்கொண்டிருக்கிறது. டிராயர் ஒன்று ஓடவில்லை என்று கூப்பிட்டாள். என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கிற டிராயர் பெட்டி அது. சேனலுக்குள் உருளுகிற இரும்புக் குண்டுகள் உதிர்ந்திருந்தன, மாற்றினேன். நகர்த்தி வைக்கும்போது முதுகைப் பார்த்தேன். மேல் சட்டத்தில் காலியாக ஓர் ஓட்டை. பெட்டியைச் சுவரோடு கட்டுகிற வார் இருக்க வேண்டிய இடம் அது. வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது என்றாள். கீழ் டிராயர்கள் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பார்த்தேன். பெட்டி லேசாக முன்னால் சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கிச் சுவர்ப் பக்கம் தள்ளினேன்.

"மோகனா, இதைச் சுவத்தோட கட்டிப்போடலாம் சாமி. கொழந்தை இருக்கற ஊடு."

"வேண்டாம்க்கா. சுவத்துல ஓட்ட போட்டா ஹவுஸ் ஓனர் ஏசுவாவ. பொறவு பாத்துக்கிடலாம்க்கா."

கீழே இறங்கி வந்துவிட்டேன். வேலை இல்லாத கிழவி வேலையை உண்டாக்கிக்கொள்கிறாள் என்று நினைப்பாளோ என்று எனக்கே கூச்சமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் ஹவுஸ் ஓனர் வீட்டுக்கு நானே போனேன். அவரும் முதலில் முகத்தைச் சுளித்தார். "அவங்க காலி பண்ணறப்ப ஓட்டைய நானே பூசி பெயிண்ட் அடிச்சுத் தர்றேனுங்க" என்றதும், "செரி, என்னமோ பண்ணுங்க" என்றார். வாருக்கு எங்கே போவது? நம் ஊரில் வாருக்கா பஞ்சம்! பை தோளில் மாட்டுகிற கெட்டி நைலான் நாடா மோகனாவின் யூனிட்டிலேயே வெட்டுத்துண்டாகக் கிடக்கிறது. கேட்டு வாங்கி வந்தாள். இரண்டு முனையையும் மடித்து, பார்டாக் மெஷினில் நெருக்கமாகத் தையல் போட்டு அவளே கொண்டு வந்தாள். தொங்கிப் பார்த்தேன், பிரியவில்லை. சுவரில் துளை போட்டு, பிளக் இறக்கி, வாஷர் வைத்துத் திருகாணியால் இறுக்கினேன். பெட்டியின் பின் அட்டையில் போடாமல் தடித்த மேல் சட்டத்தில் போட்டேன். அட்டையில் போட்டால் பிய்ந்துகொண்டு வந்துவிடும், அதை நீயும் நினைவில் வை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். மேலே தடதடவென்று ஒரு சத்தம், கூடவே மோகனாவின் அலறல். வாளியை அப்படியே போட்டுவிட்டுப் படி ஏறினேன். என் முட்டி இருக்கிற லட்சணத்துக்கு எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. ரூமுக்குள் போனால், குழந்தை கீழ் டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்து, படி மாதிரி வைத்து ஏறியிருக்கிறது. பெட்டியின் மேல் இருந்த அம்மாவின் போனை எடுக்கத்தான். டிராயரில் இருந்த துணியெல்லாம் தரையில் கொட்டிக் கிடக்கிறது. பெட்டி முன்னால் சாய்ந்து நிற்கிறது. குழந்தை மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து அழுகிறது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே அந்த நாடா விண்ணென்று இழுத்துக்கொண்டு நிற்கிறது. நின்றது கண்ணு! மோகனா பாய்ந்து குழந்தையைத் தூக்க, நான் பெட்டியைத் தோளால் முட்டி நிமிர்த்தினேன். குழந்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது அடுத்த நிமிஷமே போனைக் காட்டி "தா, தா" என்கிறது.

மோகனா தரையில் உட்கார்ந்து குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "யக்கா, நா வேண்டாம்னு சொன்னேம்லாக்கா... எம்புள்ளய..." என்று குழந்தையின் தலையைத் தடவினாள். "நீ தெச்ச தையலு சாமி அது. உன்ற தையலுதான் தாங்குச்சு" என்றேன். அவளோடு நானும் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது, இந்த ஊரில் எத்தனை லைன் வீடு, எத்தனை டிராயர் பெட்டி, எத்தனை யாழினிகள் என்று ஓடியது. வாரக் கடைசிகளில் வீடு மாறிக்கொண்டே இருக்கிற ஊர் கண்ணு இது. தொலைந்த வாருக்கும் உடைந்த தொப்பிக்கும் இவர்கள் எங்கே போவார்கள்? நான் பெங்களூருக்கு வரப் போவதில்லை என்பது அந்த இடத்தில், அந்தத் தரையில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அழுகைக்கு நடுவில் சந்தோஷம் பொங்கியது. இந்த வயதில் இப்படி ஒன்று வரும் என்று யார் நினைத்தார்கள்!

இனி கடையைப் பற்றி. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினதும் ஒரு ஷட்டர், அவ்வளவுதான் இடம். கீல், சேனல், பின் எல்லாம் மொத்தக் கடையிலிருந்து வந்துவிட்டன. பிளாஸ்டிக் சாமான் குமாரசாமி அண்ணன் பொறுப்பு. வார் மோகனா பொறுப்பு, வேலை விட்டு வந்ததும் தைக்கிறாள். சந்தையில் எங்கும் கிடைக்காத சாமானுக்குப் படம் போட ஒரு ஆள் வேண்டுமே என்கிறாயா? இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானங்களில் உன் பெண்டாட்டி லேப்டாப்போடு உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்க்கிறாள் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாய்? போன வாரம் அவள் வரைந்தது ஒரு பீரோக் கதவின் சக்கரம். சொல்லாமல் இருந்ததற்கு அவளைக் கோபிக்காதே. நான்தான், முதலில் நானே எழுதுகிறேன் என்று தடுத்து வைத்திருந்தேன். இதிலும் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் எது உடைந்தாலும் அவளிடம் முதலில் போய்ச் சொல். அவள் மூஞ்சியைத் தூக்குகிற பெண் இல்லை, உடைந்ததை வாங்கி அளந்து பார்க்கிற பெண். அப்படிப்பட்டவளிடம் ஒன்றை மறைத்து வைப்பது நஷ்டம்.

உனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாய். இருக்கட்டும், வந்து பார்த்தால் போய்விடும். வெள்ளிக்கிழமைக்கு லீவு போடு, அவளையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வா. ஷட்டரை நீதான் தூக்க வேண்டும், எனக்கு முட்டி ஒத்துழைக்காது. போர்டு எழுதுகிறவர் கடைக்கு என்ன பெயர் என்று கேட்டு நிற்கிறார், அதையும் நீங்கள் இருவரும் யோசித்துச் சொல்லுங்கள். எனக்குத் தோன்றுகிற பெயரெல்லாம் மளிகைக்கடை மாதிரியே இருக்கிறது.

இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் வாசலில் ஒரு பைக் வந்து நிற்கிறது. பீகார்ப் பையன் ஒருவன் ஓட்டுகிறான், பின்னால் அவன் பெண்டாட்டி ஒரு பீரோக் கதவை முழுசாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கதவுக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிகிறது. "அக்கா, துக்கான் குலா க்யா?" என்று, கடை திறந்தாயிற்றா எனக் கேட்கிறான். கடை திறக்க இன்னும் நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த செக்கிங் ஹிந்தியில் சொல்லிப் பார்த்தேன், நகர்கிற வழியைக் காணோம். இங்கிருந்தே தெரிகிறது, கீல் பிய்ந்திருக்கிறது, மரம் நன்றாக இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டுக் கதவைப் பிடிக்கப் போகிறேன், அந்தப் பெண்ணுக்குக் கை வலிக்கும்.

அம்மா